மாத்திரை எதுக்குன்னு சொல்லுங்க பார்க்கலாம்!

"எதுக்குங்க இந்த மாத்திரை சாப்பிடறீங்க?"

எங்கள் மையத்துக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சுலபமான கேள்விதான். ஆனால், வரும் பதில்களைக் கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள்.

"ரத்தம் ஊறறதுக்குங்க."

"சளி புடிக்காம இருக்கறதுக்குங்க சிஸ்டர்."

"டாக்டர் சாப்பிடச் சொன்னாருங்க, சாப்பிடறேன்."

"தெரியலைங்க. நிறுத்தினா செத்துப்போயிருவேன்னு சொன்னாங்க."

இரண்டு, மூன்று வருடங்களாக ஒரு வேளைகூடத் தவறவிடாமல் சாப்பிடுகிறவர்கள்கூட இப்படிச் சொல்வார்கள். நான் கொங்குப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். எச்.ஐ.வி தொற்று உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி மையத்தில் பல வருடங்களாக வேலை. ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. என் பெயரையோ, ஊரையோ, நான் சொல்லப்போகும் மனிதர்களின் பெயர்களையோ இங்கே எழுத மாட்டேன். எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அவரிடமும் நான் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மருந்து வராத காலம்

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பரிசோதனையில் அது தெரியவந்தது. அதற்குப் பத்து வருடங்கள் கழித்து நான் வார்டில் வேலை பார்த்தபோது, கடைசிக் கட்டில் எப்போதும் 'அந்த' நோயாளிக்குத்தான். புண்ணைத் துடைத்து மருந்து போடுவோம், குளுக்கோஸ் ஏற்றுவோம், வாய்ப்புண்ணுக்குத் தடவிவிடுவோம். வேறு எதுவும் கையில் இல்லை.

மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. 1996 வாக்கிலேயே வெளிநாடுகளில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு ஆன செலவு பத்தாயிரம் டாலருக்கும் மேல். எங்கள் ஊர் நெசவாளியோ, கிளீனர் பையனோ அதை எங்கே போய் வாங்குவது? 2001-ல் நம் நாட்டு நிறுவனமான சிப்லா, அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்ன பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி, மத்திய அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது சில இடங்களில்தான் கிடைத்தது, அவற்றில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. பிறகு ஒவ்வொரு மாவட்டமாக வந்தது.

எங்கள் மருத்துவமனைக்கும் மையம் வந்தது. யாரும் விரும்பி வராத வேலையிடம் என்பதால் என்னைப் போட்டார்கள். போன மூன்றே மாதத்தில், மாற்றல் கொடுத்தாலும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம், கண்ணால் பார்த்த அதிசயம். தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் நான்கு மாதத்தில் நடந்து வந்தார்கள். 'இனி எழுந்திருக்க மாட்டான்' என்று சொல்லப்பட்டவன், 'பஸ் கூட்டமுங்க, அதான் லேட்டு' என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஏமாந்தேன். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

புரிஞ்சுதுங்களா?

அந்த ஓட்டுநர் முதல்முறை வந்தபோது 38 கிலோ. ஒரு வருடத்தில் 56 கிலோ. மறுபடியும் வண்டி ஓட்டப் போனார். மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிக்கொள்வார். நானும் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்து ஒப்பிப்பேன்.

"தினமும் ரெண்டு வேளை. விடக் கூடாது. குடிக்கக் கூடாது. ஆணுறை போடணும். புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க சிஸ்டர்."

புத்தகத்தில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அடுத்தவரைக் கூப்பிடுவேன். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. போன் போகவில்லை. எட்டு மாதம் கழித்து மனைவி அவரை ஆட்டோவில் கூட்டிவந்தார். காசநோய் மூளைவரை போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து, தன்னுடைய மாத்திரையை வாங்குவதற்காக அந்த மனைவி வந்தார். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், "ஏம்மா, நிறுத்த வேண்டாம்னு அத்தனை தடவை சொன்னேனே?"

அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்துக் கேட்டார்.

"அவருக்குத்தான் நல்லாயிருச்சுங்களே சிஸ்டர். ஜுரம் விட்டா மாத்திரையை நிறுத்திடறோமில்லைங்க, அப்படித்தான் அவரும் நிறுத்தினாரு. நல்லாயிட்டவங்களுக்கு எதுக்குங்க மாத்திரை?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் போன பிறகு இறந்தவருடைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாதத்துக்கு ஒன்றாக என் கையெழுத்து இருந்தது. என்ன செய்யக் கூடாது என்று அத்தனை முறை சொல்லியிருக்கிறேன். எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று ஒருமுறைகூட அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை.

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் யாருங்க 'புரியலை' என்று சொல்வார்கள்? வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் அவசர அவசரமாகக் கேட்கிறாள், பின்னால் கூட்டம் நிற்கிறது, பக்கத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருந்துவிடப் போகிறார்களே என்ற பயம் வேறு. தலையை ஆட்டிவிட்டுப் போகத்தான் தோன்றும். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். பதிலுக்கு, "நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தேன்.

கோரை அம்மா

எனக்கே சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. ஐம்பது வயது இருக்கும். கணவரிடமிருந்து தொற்று. எழுதப் படிக்கத் தெரியாது.

அவரிடம் நான் இப்படி விளக்கினேன்: "நம்ம ரத்தத்துல நோயை எதிர்த்துச் சண்டை போடற அணுக்கள் இருக்குதுங்கம்மா. சி.டி.4-னு பேரு. இந்த வைரஸ் அதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துக்கிட்டு, தன்னை மாதிரியே ஆயிரக்கணக்குல நகல் எடுக்கும். அந்த அணு செத்துப்போகும். மாத்திரை அந்த நகல் எடுக்கற வேலையைத் தடுத்துடும். புதுசா வைரஸ் வராததால அணுக்கள் மறுபடியும் பெருகும், உடம்பு தேறும். ஆனா, ஏற்கெனவே உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டதை மாத்திரையால வெளியே இழுத்துப் போட முடியாது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இது கோரை மாதிரின்னு சொல்லுங்க."

"என்னங்கம்மா?"

"கோரைப்புல்லுங்க. மேல வெட்டிப்போட்டா காடு சுத்தமாத்தான் தெரியும். கெழங்கு அடியில கெடக்கும். நாலு நாள் பாக்காம விட்டா மறுபடி மொளைச்சிரும். காடு சுத்தமா இருக்குதுன்னு களை வெட்டறதை விட முடியுங்களா? வெட்டறதாலதானே சுத்தமா இருக்குது!"

இருபது பக்கப் பயிற்சிக் கையேட்டில் இல்லாத வாக்கியம் அது. அந்த ஓட்டுநரின் மனைவி கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான். நன்றாக ஆகிவிட்டதால் மாத்திரை வேண்டாம் என்பதில்லை, மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் அவருக்குப் பெயர் 'கோரை அம்மா'. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இன்றுவரை கோரைக் கதையைத்தான் சொல்கிறேன்.

விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் காட்டு உதாரணமே கைகொடுத்தது. பருத்திக்கு மருந்து அடிக்கிறவர்களிடம், "அளவைக் குறைச்சு அடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்பேன். "பூச்சி பழகிக்குமுங்க, அப்புறம் எந்த மருந்துக்கும் சாகாது" என்பார்கள். "வைரஸும் அப்படித்தான்" என்பேன். அதற்கு மேல் விளக்கவே வேண்டாம். அப்போதெல்லாம் மாதத்துக்கு 60 மாத்திரைகள். அதில் மூன்றுக்கு மேல் தவறினால் ஆபத்து என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கை வெறும் எண்ணாகச் சொன்னபோது யார் மனதிலும் நிற்கவில்லை. பூச்சி பழகிவிடும் என்றதும் நின்றது.

திட்டுவதற்கு முன்னால்

இதன்பிறகு எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பிறகு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை என்று வந்தது. இரவு படுக்கப் போகும்போது போட வேண்டும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், இன்னோர் ஓட்டுநரின் டப்பாவில் மாதாமாதம் மாத்திரை மிச்சமிருந்தது. ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். எப்படியோ நிறுத்திக்கொண்டு, "ஏனுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"நைட் ஓட்டம் இருக்கற அன்னிக்குப் போடமாட்டேனுங்க. போட்டா தலை சுத்துது, ரோடு ரெண்டாத் தெரியுது. எனக்கு ஏதாச்சும் ஆனாப் பரவாயில்லைங்க சிஸ்டர். எதிர்ல வர்றவன் என்னங்க பாவம் பண்ணினான்?"

அந்த மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்துக்குத் தலைசுற்றல் உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் படுக்கும்போது போடச் சொல்கிறோம். ராத்திரியில் படுக்காத மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. லாரிக்குப் பேர்போன ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு! டாக்டரிடம் சொன்னோம். அவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு டப்பாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கும் டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இன்னொரு பெண். கர்ப்பமாக இருந்தபோது பரிசோதனையில் தெரிந்தது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போக 15 முதல் 45 சதவிகிதம்வரை வாய்ப்பு உண்டு. சரியாக மருந்து சாப்பிட்டால் அதை 5 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். இதைச் சொன்னதும் அந்தப் பெண் மாத்திரையைச் சாமி பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். பெண் குழந்தை பிறந்தது. ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தோம். 18-வது மாதம் கடைசிப் பரிசோதனை. தொற்று இல்லை! அன்று எங்கள் மையம் முழுக்க லட்டு.

அடுத்த மாதம் அவர் மாத்திரை வாங்க வரவில்லை.

போன் செய்தால், "பாப்பாவுக்காகத்தானேங்க சிஸ்டர் சாப்பிட்டேன்? பாப்பாதான் தப்பிச்சிருச்சே!" என்றார் குரல் நிறைய மகிழ்ச்சியோடு.

தவறு மறுபடியும் என்னுடையது. கர்ப்பமாக இருந்தபோது நான் சொன்னதெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். அந்தப் பெண்ணுக்கு ஓர் உடம்பு இருப்பதை நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். மறுநாள் வரச் சொல்லி உட்கார வைத்துப் பேசினேன். "பாப்பா பள்ளிக்கூடம் போறப்போ யாரு ஜடை பின்னி விடறது?" என்று கேட்டதும் அழுதுவிட்டார். இப்போது அந்தப் பாப்பாவுக்கு இரட்டை ஜடை. மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் போனில் படம் காட்டுவார்.

சத்து மாத்திரை

பெரியவர்களுக்குச் சொல்வதைவிடக் கஷ்டம், பிறக்கும்போதே தொற்றோடு பிறந்த குழந்தைகளுக்குச் சொல்வது. ஒரு பையனை அவனுடைய அம்மாயி வளர்த்தார். அப்பா, அம்மா இருவருமே இல்லை. 'சத்து மாத்திரை' என்று சொல்லித்தான் அவனுக்குக் கொடுத்துவந்தார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் என் மேஜை அருகில் வந்து நின்றான். "சிஸ்டர், என் கிளாஸ்ல ஒருத்தன் ரொம்ப ஒல்லியா இருக்கான். அவனுக்கும் இந்தச் சத்து மாத்திரை ஒரு டப்பா கொடுப்பீங்களா?"

நானும் அம்மாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இனியும் தள்ளிப்போட முடியாது. எங்கள் ஆலோசகரோடு சேர்ந்து, ஒரே நாளில் கொட்டிவிடாமல், மூன்று முறை வரவழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னோம். அழவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டான்.

"எங்கப்பா அம்மா இதனாலதான் செத்தாங்களா?"

"ஆமாம்பா."

"அவங்களுக்கு ஏன் இந்த மாத்திரை கொடுக்கலை?"

அவர்கள் இறந்தது 2003-ல். இலவச மருந்து வந்தது அடுத்த வருடம். இதை ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது? அப்படியே சொன்னேன். அவன் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு அவனுக்கு நேரத்தை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவன் வேலை பார்க்கும் இளைஞன். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டானாம். "நீங்களும் ஒருதடவை சொல்லிடுங்க சிஸ்டர்" என்றான்.

சொன்னேன். அவனுடைய ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில், தொடர்ந்து 'கண்டறிய முடியாத அளவு' என்றே வருகிறது. அப்படி இருக்கும்வரை உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்று பரவாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகளை ஐரோப்பாவில் கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் இருந்தும், துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஆனால், மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்ப வந்துவிடும், அப்போது இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இவரு மாத்திரை சாப்பிடறது எனக்காகவும்தாங்களா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

உங்களுக்கும்தான்

நான் வேலைக்கு வந்த காலத்தில், சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் மாத்திரை. அதற்கு மேல் இருந்தால், "இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவோம். பிறகு அது 350 ஆனது, 500 ஆனது. 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்குமே உடனே சிகிச்சை. இது நல்ல மாற்றம். ஆனால், எங்கள் வேலை இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் எழுந்திருக்க முடியாதவர்கள் மாத்திரை கேட்டு வந்தார்கள். இப்போது, ஒரு தலைவலிகூட இல்லாமல் நன்றாக இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையனிடம், 'இன்றிலிருந்து வாழ்நாள் முழுக்க' என்று சொல்ல வேண்டும். 'எதுக்கு?' என்பதை அவன் மனதில் உட்கார வைக்காமல் டப்பாவை மட்டும் கையில் கொடுத்து என்ன பயன்?

எச்.ஐ.வி பற்றி என்ன சந்தேகம் என்றாலும் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். அது இருக்கட்டும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கோ, பிரஷருக்கோ, தைராய்டுக்கோ தினமும் ஒரு மாத்திரை இருக்கும்தானே? அது எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் செவிலியரிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். எங்களுக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் விடாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் உண்டு. போன வருடம் எனக்கு பிரஷர் 160/100 இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் போட்டேன். நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கோரை அம்மாவுக்கு இப்போது எழுபது வயதை நெருங்குகிறது. அன்று மாத்திரை வாங்க வந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "என்ன கண்ணு, மொகம் வாடிக்கெடக்குது?" என்றார். பேச்சுவாக்கில் நடந்ததைச் சொன்னேன்.

கையில் இருந்த டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த மாத்திரை எதுக்குங்க சிஸ்டரு? சொல்லுங்க பார்க்கலாம்."

பின்னால் வரிசை நின்றது. நான் சொன்னேன். ரத்த அழுத்தம், இதயம், மூளை, சிறுநீரகம், பக்கவாதம், எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் சொல்றீங்க. அப்புறம் ஏன் போடலை?"

பதில் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தினேன்.